புகை படிந்த தேக்கு மேசையும் சிம்மக்கல் பாலிஷ் பட்டறையும்

கடந்த பங்குனியில் மதுரை பழங்காநத்தத்தில் உள்ள எங்கள் வீட்டில் மின்கசிவால் இன்வெர்ட்டர் ஒயர்கள் எரிந்தபோது, தீ அந்த மூலையோடு அடங்கிவிட்டது. புகை மட்டும் அடுத்த அறைக்குள் புகுந்து, தாத்தா கணக்கெழுதிய தேக்கு மேசையின் மேல் எண்ணெய்ப்பிசுக்குள்ள கரியாகப் படிந்தது. பதற்றத்தில் ஈரத்துணியால் துடைத்தோம். அதைச் செய்திருக்கவே கூடாது. பழைய பாலிஷ் தேய்ந்துபோயிருந்த இடங்களில் கரி நீரோடு மரத்தின் ரேகைகளுக்குள் இறங்கிவிட்டது.

முதலில் வந்து பார்த்தவர், முழு மேசையையும் மெஷினால் தேய்த்து மெலமைன் என்னும் செயற்கைப் பூச்சு அடித்துவிடலாம் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் சிறிய பாலிஷ் பட்டறை வைத்திருக்கும் மூத்த ஆசாரியோ, மேசைக்காலின் உட்புறத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைச் சிறிது நேரம் ஒற்றி வைத்து, பிறகு விரலால் தொட்டுப் பார்த்தார். பூச்சு இளகி ஒட்டியது. “அரக்குப் பாலிஷ் தம்பி. கரி முக்காவாசி மேலதான் நிக்குது, மரத்துல கை வைக்க வேண்டியதில்ல” என்றார்.

சொன்னபடியே செய்தார். மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, வாக்குவம் கிளீனரின் குழாயை மரத்தில் படாமல் பிடித்து உலர்ந்த கரியை முதலில் எடுத்தார். பிறகு டர்பன்டைன் தொட்ட துணியை, ஒவ்வொரு இழுப்புக்கும் சுத்தமான பக்கம் வரும்படி மடித்து மடித்துத் துடைத்தார். முழங்கை ஊன்றித் தேய்ந்த இடத்தில் மட்டும் 320 எண் உப்புத்தாளை இலேசாக ஓட்டினார். வலது ஓரத்தில் தாத்தாவின் மைக்கூடு பதித்த நீல வட்டத்தை எடுக்கவா என்று கேட்டு, வேண்டாம் என்றதும் அதைத் தொடவில்லை. ஒயர்களின் பிவிசி உறை எரிந்த புகையில் அமிலத்தன்மை உண்டு என்பதால், பித்தளைக் கைப்பிடிகளை அன்றே கழற்றித் துலக்கி வைத்தார். கடைசியாக, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் பொதிந்த பஞ்சால் பல கோட்டுகள் ஏற்றினார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பத்து நாள் என்றவர் இருபத்துநான்கு நாள் எடுத்துக்கொண்டார். மூன்று முறை நேரில் போய்க் கேட்டேன். ஓர் இழுப்பறையின் அடிப்பலகையைப் பூசாமல் விட்டிருந்ததால், ஐப்பசி மழையின் ஈரம் ஏறியதும் புகைவாடை திரும்பிவிட்டது. எடுத்துச் சென்று காட்டியபோது மறுபேச்சின்றி உள்ளும் புறமும் அரக்குப் பூசி, பணம் வாங்காமல் தந்தார். அதன்பின் வாடை இல்லை.

மொத்தச் செலவு 8,500 ரூபாய். பழைய அரக்குப் பாலிஷ் உள்ள மரச்சாமான்களுக்கு இந்தப் பட்டறையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால், சூடான டம்ளரை வைத்தால் அரக்கில் வெள்ளை வளையம் விழும் என்பதால், சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பாலிஷ் வேண்டாம் என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்.