ஐடி ரிட்டர்ன் சிக்கினால் யார் கைகொடுப்பார்: போர்ட்டலா, தனியார் தளமா, ஆடிட்டரா?

ஜூலை பிறந்துவிட்டால் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் சுற்றும்: "ரிட்டர்ன் எதுல போடுறீங்க?" வழி மூன்று. வருமான வரித்துறையின் இ-ஃபைலிங் போர்ட்டல், கிளியர்டாக்ஸ், குயிக்கோ மாதிரியான தனியார் தளங்கள், அப்புறம் நம்ம ஊர் ஆடிட்டர். மூன்றையும் நானோ என் வீட்டாரில் ஒருவரோ பயன்படுத்திப் பார்த்தாயிற்று. நான் இப்போது போர்ட்டல் பக்கம். மறைக்க ஒன்றுமில்லை, அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். போர்ட்டல் இலவசம். தனியார் தளத்தில் எளிய ரிட்டர்னுக்குச் சில நூறு, ஆள் உதவி வேண்டுமென்றால் ஆயிரங்கள். ஆடிட்டர் கட்டணம் ஊரையும் பழக்கத்தையும் பொறுத்தது. தனியார் தளம் பார்க்க அழகு, கேள்வி கேட்டுக் கேட்டு நிரப்பும். போர்ட்டல் அப்படி இல்லை. அதற்குக் கெட்ட பெயர் வந்ததும் சும்மா இல்லை: 2021 ஜூன் 7 அன்று புதிதாகத் திறந்தபோது அது பட்ட பாட்டில், அந்த ஆகஸ்டில் நிதியமைச்சர், போர்ட்டலைக் கட்டிய இன்ஃபோசிஸின் தலைமை அதிகாரியையே கூப்பிட்டு விளக்கம் கேட்டார், கடைசித் தேதியும் டிசம்பர் 31 வரை போனது. அந்தக் காலம் மலையேறிவிட்டது. இப்போது சம்பளக்காரர் தனக்கான எளிய ரிட்டர்ன் படிவமான ஐடிஆர்-1ஐத் திறந்தால் சம்பளம், டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்த வரி), வங்கி வட்டி எல்லாம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும், சம்பளமும் பிடித்த வரியும் காட்டி ஆபீஸ் தரும் ஃபார்ம் 16ஐயும், நம் வரவுகளைத் துறை தொகுத்து வைத்திருக்கும் ஏஐஎஸ்ஸையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பதுதான் வேலை.

ஆனால் எதில் போடுவது சுலபம் என்பதை வைத்து முடிவெடுக்கிறவர்கள் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார்கள். போடுவது யாருக்குமே பெரிய பாடில்லை. சிக்கல் வருவது போட்ட பிறகு. ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் பெங்களூர் மையமான சிபிசியிலிருந்து 143(1) இன்டிமேஷன் (உங்கள் கணக்கைச் சரிபார்த்த அறிவிப்பு) வரும், இன்னும் வரி கட்டு என்று டிமாண்ட் வரும், ரீஃபண்ட் வராமல் நிற்கும். அப்போது உங்களுக்கு யார் துணை? அதை வைத்துத்தான் நான் தேர்ந்தெடுத்தேன்.

என் மச்சான் ஓர் அரசு வங்கியில் இருக்கிறார். வங்கி ஊழியர்களுக்கு 12வது இருதரப்பு சம்பள ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கையெழுத்தாகி, 2022 நவம்பரிலிருந்து கணக்கிட்டு அரியர் கொடுத்தார்கள் இல்லையா, அது மொத்தமாக ஒரே நிதியாண்டில் வந்து விழுந்ததால் வரி ஏறியது. இதற்குச் சட்டத்திலேயே நிவாரணம் உண்டு, 89வது பிரிவு. வங்கியும் அந்தக் கணக்கைப் போட்டு ஃபார்ம் 16ல் காட்டியிருந்தது. மச்சான் அந்த பிடிஎஃப்பை ஒரு தனியார் தளத்தில் ஏற்றினார் (பெயர் வேண்டாம்). அது நிவாரணத் தொகையையும் சேர்த்து அழகாகப் படித்துக்கொண்டது, பத்து நிமிடத்தில் ரிட்டர்ன் போய்விட்டது. இரண்டு மாதத்தில் டிமாண்ட். "மாப்ளே, ஃபார்ம் 16ல இருக்கிறதைத்தானே போட்டேன், வட்டியோட கட்டச் சொல்றாங்க!"

விஷயம் இதுதான்: 89வது பிரிவு நிவாரணம் கேட்டால், 10இ என்ற தனிப் படிவத்தைப் போர்ட்டலில் தாக்கல் செய்திருக்க வேண்டும், அதுவும் ரிட்டர்னுக்கு முன்னால். வங்கி ஃபார்ம் 16ல் காட்டியது வங்கியின் கணக்கு, வரித்துறைக்கு அது போதாது. ஐடிஆர்-1 படிவத்தில் அந்த வரியிலேயே, 10இ தாக்கல் செய்திருக்கிறீர்களா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள் என அச்சிட்டிருக்கும். போர்ட்டலில் வரி வரியாக நிரப்புகிறவர் கண்ணில் அது பட வாய்ப்பு அதிகம். மச்சான் போன தளத்தின் திரையில் அந்த வாசகமே இல்லை, தொகை மட்டும் இருந்தது. உதவிக்குக் கேட்டால், நோட்டீஸ் சேவை தனித் திட்டம், கட்டணமும் தனி என்று பதில்.

சரி, அதை எப்படித் தீர்த்தோம்? போர்ட்டலுக்குள் போய்த்தான், வேறு வழி கிடையாது. இ-ஃபைல் மெனுவில் வருமான வரிப் படிவங்கள் என்ற பிரிவுக்குள் 10இ இருக்கிறது. அதில் எந்த மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) என்று கேட்கும் இடத்தில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள்: அரியர் எந்த ஆண்டுகளுக்கு உரியது என்பதல்ல, பணம் கையில் வந்த ஆண்டுக்கான மதிப்பீட்டு ஆண்டைப் போட வேண்டும். பழைய ஆண்டுகளின் வரிக்குரிய வருமானத்தை அந்தந்த ரிட்டர்னில் பார்த்து அட்டவணையில் ஏற்றினோம், 10இ போனது. திருத்திய ரிட்டர்னுக்கு டிசம்பர் 31 வரை நேரம் இருந்ததால் அதையும் போட்டோம், டிமாண்ட் போயிற்று. மொத்தமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதில் பாதி, மச்சானுக்குத் தன் போர்ட்டல் பாஸ்வேர்டு தெரியாததால் போனது.

இன்டிமேஷன் என்றதும் பயந்து உடனே ஆடிட்டருக்கு ஃபார்வர்டு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த பிடிஎஃப்பைத் திறக்கப் பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியை எட்டு இலக்கமாகச் சேருங்கள். உள்ளே இரண்டு பத்திகள் அருகருகே இருக்கும்: ஒன்று நீங்கள் சொன்னது, மற்றது அவர்கள் கணக்கிட்டது. மேலிருந்து இறங்கி வாருங்கள், எந்த வரியில் இரண்டும் முதன்முதலாக வேறுபடுகிறதோ அங்கே நில்லுங்கள். பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான், கீழே மாறியிருப்பதெல்லாம் அதன் தொடர்ச்சி. சம்பள வரியில் வேறுபாடு என்றால் வேலை மாறியவர் இரண்டாவது ஃபார்ம் 16ஐ விட்டிருப்பார். டிடிஎஸ் வரியில் என்றால் பிடித்தவர் கட்டவில்லை அல்லது உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் வரவில்லை. இரண்டு பத்தியும் ஒன்றாகவே இருந்து கடைசியில் பூஜ்யம் என்றால் அது வெறும் ரசீது, கொண்டாடலாம். இதைப் படித்துப் பழகினவருக்குப் பாதி உதவி தேவைப்படாது. போர்ட்டலில் சொந்தக் கையால் நிரப்பினவருக்கு இந்த வரிகள் எல்லாம் பார்த்த முகங்கள். தனியார் தளத்தில் கேள்விக்குப் பதில் சொன்னவருக்கு இது ஏதோ புதுக் காகிதம்.

போர்ட்டலுக்கென்று உதவி எண்கள் உண்டு, 1800 103 0025, 1800 419 0025. லாகின் ஆகவில்லை, படிவம் தாக்கல் ஆகவில்லை போன்றவற்றுக்கு அது சரியான இடம். 'வாடகைப்படி கழிக்கலாமா, பழைய முறை லாபமா புதிய முறை லாபமா' என்பதற்கு அல்ல. அதற்கு ஆள் வேண்டும். நல்ல ஆடிட்டருக்கு ஈடு இல்லை என்று நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நம் ஊரில் ஆடிட்டர் என்று பெயர்ப்பலகை மாட்டியவர் எல்லாம் சிஏ (பட்டயக் கணக்காளர்) இல்லை. தெருமுனையில் ஜெராக்ஸ் கடையோடு சேர்த்து ரிட்டர்ன் போட்டுத் தருகிறவரும் ஆடிட்டர்தான். அங்கே ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளருக்கு ஓடிபி தொல்லை வேண்டாமே என்று தன் மொபைல் எண்ணையும் மெயிலையும் உங்கள் கணக்கில் பதிந்துவிடுவார். அவருக்கும் வசதி, உங்களுக்கும் வசதி, நோட்டீஸ் வரும் வரை. 2025 ஜூலையில் வரித்துறை தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் சுமார் 150 இடங்களில் சோதனை போட்டதே, பொய்க் கழிவு காட்டி ரீஃபண்ட் வாங்கித்தரும் இடைத்தரகர்களைத் தேடித்தான். மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மெயில் முகவரிகளைத் தொடங்கி, பிறகு கைவிட்டுவிடுகிறார்கள், நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே கிடக்கின்றன என்று அப்போது வெளியான அறிக்கையில் துறையே சொன்னது. ரீஃபண்டில் பங்கு வாங்கியவர் போய்விடுவார், கையெழுத்து உங்களுடையது.

அதனால் யாரிடம் கொடுத்தாலும் சரி, இன்றைக்கே போர்ட்டலில் ப்ரொஃபைலைத் திறந்து யார் எண், யார் மெயில் என்று பாருங்கள். பாஸ்வேர்டு தெரியாதா, ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு வரும் ஓடிபியால் மாற்றலாம், நெட் பேங்கிங் வழியாகவும் உள்ளே போகலாம். இதற்கு ஆடிட்டரிடம் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை, 'சார், நோட்டீஸ் வந்தா எனக்கும் தெரியணும்ல' என்றால் நல்லவர் புரிந்துகொள்வார்.

ரீஃபண்ட் விஷயமும் அப்படித்தான். வங்கிக் கணக்கு போர்ட்டலில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும், பான் அட்டையில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். இனிஷியலை விரித்து எழுதியதா முன்னால் போட்டதா என்பதிலேயே நம் ஆட்களுக்குப் பாதி சிக்கும். வங்கிகள் இணைந்ததில் ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளையின் குறியீட்டு எண்) மாறியதும் ஒரு காரணம். கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியில் கலந்தது, பழைய எண்ணையே வைத்திருந்தவர்கள் திருத்த வேண்டியிருந்தது. கணக்கைச் சரிசெய்துவிட்டு ரீஃபண்டை மறுபடி அனுப்பக் கோரிக்கை வைக்க வேண்டும். எல்லாம் உங்கள் லாகினில், உங்கள் ஓடிபியில். போட்ட ரிட்டர்னை ஓடிபி மாதிரியான வழியில் உறுதிசெய்யும் இ-வெரிஃபையும் அதே கதை: 30 நாளுக்குள் முடிக்காவிட்டால், வெரிஃபை செய்த தேதிதான் தாக்கல் தேதியாகக் கணக்காகும், கெடு தாண்டியிருந்தால் தாமதக் கட்டணமும் சேரும். 'வெற்றிகரமாக அனுப்பப்பட்டது' என்று வண்ணக் காகிதம் பறக்கும் திரையைப் பார்த்துவிட்டு இதை மறக்கிறவர்கள் நிறைய.

தனியார் தளம் ஜெயிக்கும் இடம் பங்குச் சந்தை. வருடம் முழுக்க வாங்கி விற்றவர், அதுவும் 2024-25 நிதியாண்டுக்கு, போர்ட்டலில் கையால் போட்டால் நொந்துவிடுவார். 2024 ஜூலை 23 அன்று வரி விகிதம் மாறியதால் அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரிக்க வேண்டியிருந்தது: குறுகிய கால ஆதாயம் 15லிருந்து 20 சதவீதம், நீண்ட காலம் 10லிருந்து 12.5. புரோக்கரிடமிருந்து நேராக இழுத்துப் பிரித்துக் கொடுக்கும் தளத்துக்குக் காசு கொடுப்பது தண்டம் இல்லை. ஆனால் சட்டத்தை எந்தச் செயலியும் வளைக்க முடியாது. 2024 ஜூலை 5க்குப் பிறகு, குறுகிய காலப் பங்கு ஆதாயம் இருந்தவர்களுக்கு, வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்தால் கிடைக்கும் 87ஏ வரித் தள்ளுபடியைத் துறையின் மென்பொருளே மறுத்தது. விஷயம் மும்பை உயர் நீதிமன்றம் வரை போய், திருத்த அவகாசம் 2025 ஜனவரி 15 வரை நீண்டது. அந்தச் சமயத்தில் காசு கட்டிய தளமானாலும் இலவசப் போர்ட்டலானாலும் எல்லா ரிட்டர்னும் கடைசியில் அதே வாசலில்தான் நின்றது.

எனக்குச் சம்பளம், வட்டி, கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட், அவ்வளவுதான். கடை வைத்திருப்பவர், எஃப் அண்ட் ஓ (பங்குச் சந்தையில் முன்பேர வணிகம்) செய்கிறவர், வெளிநாட்டு நிறுவனப் பங்கு கையில் இருக்கிறவர் ஆகியோருக்கு நான் சொல்வது பொருந்தாமல் போகலாம். வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நான் தொட்டதுகூட இல்லை, அங்கே நல்ல சிஏவுக்குக் கட்டணம் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். அப்போதும் லாகின் மட்டும் என் பெயரில், என் மொபைலில் இருக்கும். மச்சான் இந்த வருஷம் போர்ட்டலில்தான் போடப்போகிறாராம், 10இ வேண்டியதில்லை என்பதை மட்டும் மூன்று முறை போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டார்.