தாளில் குறிப்பதா, வாய்விட்டுப் படிப்பதா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், தளி பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் பெற்றோரும் ஆசிரியரும் கேட்பது இது: பிள்ளையின் நிலையை அறிய எதை நம்புவது? மத்திய அரசின் தேசிய அடைவு ஆய்வு போன்ற, கொடுத்த விடைகளில் ஒன்றைக் குறிக்கும் கொள்குறி வினாத்தாளையா, ஏசர் (ASER) என்ற கல்வி ஆய்வின் பாணியில் ஒவ்வொரு குழந்தையையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்வதையா?

நேரம்: வினாத்தாள் வகுப்பு முழுவதையும் ஒரே அமர்வில் முடித்துவிடும். வாசிப்புச் சோதனை ஆளுக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். ஓராசிரியர் பள்ளியில் அது பெரும்பாடு.

செலவு: வாசிப்புச் சோதனைக்கு எழுத்து, சொல், பத்தி, சிறுகதை அடங்கிய ஓர் அட்டை போதும்.

நம்பகம்: நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தாலும் கால்பங்கு சரியாகிவிடும். கதையை அப்படிப் படிக்க முடியாது.

மொழி: நம் மாவட்டத்தில் இதுதான் முக்கியம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் சிறுமி 'மீதி எவ்வளவு?' என்ற கேள்வியில் தடுமாறுவாள். நேரில் 43, அதன் கீழே 27 என்று கழித்தல் கணக்காக எழுதிக் காட்டினால் 16 என்று போட்டுவிடுவாள். வினாத்தாளோ 'கணக்கு வராது' என்றே பதிவு செய்யும்.

ஒப்பிடும் வசதி: இதில் வினாத்தாளுக்கே வெற்றி. ஆனால் 2021 நவம்பர் 12 அன்று நடந்த தேசிய ஆய்வு, மாதிரியாகத் தேர்ந்தெடுத்த சில பள்ளிகளில் மட்டுமே நடந்தது. அதன் மாவட்ட முடிவைக் காட்டி ஓர் ஆசிரியரைக் குறை சொல்வது வீண்.

மாவட்டத்தின் போக்கை அறிய வினாத்தாள் சரி. தமிழக அரசின் அடிப்படைக் கல்வித் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில், பிள்ளை எந்த நிலை, அரும்பா, மொட்டா, மலரா என்று நாளையே முடிவெடுக்க வேண்டிய ஆசிரியருக்கு வாசிப்புச் சோதனை. பெற்றோருக்கும் அதுவே: அரைப் பக்கம் படிக்கச் சொன்னால், எழுத்தறியாத பாட்டிக்கும் திக்கல் காதில் விழும்.