டெக்குக்கு ஹெலிக்கல் பியர் போடுறீங்களா? டார்க் (முறுக்கு விசை) கணக்கு வாங்காம காசு செட்டில் பண்ணாதீங்க

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்ட பதிவு இது. நேத்து இன்னொருத்தர் எனக்கு பியர் இறக்குன அதே மேஸ்திரிகிட்ட அட்வான்ஸ் குடுக்கப் போறேன்னு சொன்னதும் மனசு கேக்கல. பேரு போட மாட்டேன், தேவையில்லாத வம்பு. என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்றேன்.

வீட்டுக்குப் பின்னாடி 12க்கு 16 அடி டெக், அதாவது மரப் பலகை மேடை. வீட்டுச் சுவத்துல மாட்டாம தனியா நிக்கிற மாதிரி, ரெண்டு வரிசையில மூணு மூணா மொத்தம் ஆறு ஹெலிக்கல் பியர், அதாவது அடியில திருகு மாதிரி தட்டு வெச்ச இரும்புத் தூண். குழி தோண்ட வேணாம், கான்கிரீட் காயக் காத்திருக்க வேணாம், திருகாணி மாதிரி மெஷின்ல திருகி இறக்குனா அன்னிக்கே மேல பீம் வெக்கலாம்னு சொன்னாங்க. அதுல பொய் ஒண்ணும் இல்ல. 1833லயே மிட்செல்னு கண்ணு தெரியாத ஒரு ஐரிஷ் இன்ஜினியர் இதுக்கு பேடன்ட் வாங்கி, அப்புறம் கடல் மணல்லயே இந்தத் திருகு மேல கலங்கரை விளக்கத்த நிறுத்திக் காட்டிட்டாரு, என் டெக் எம்மாத்திரம். சாமான் நல்ல சாமான்தான், இறக்குன கைதான் சரியில்ல.

காலைல வந்தாங்க, பதினோரு மணிக்கெல்லாம் ஆறும் முடிஞ்சிருச்சு. நானும் காபி டம்ளரோட நின்னு வேடிக்கை பாத்துட்டு "பரவால்லயே, என்னா வேகம்"னு சந்தோஷப்பட்டவன்தான். அன்னிக்கு என் கண்ணு முன்னாடியே மூணு தப்பு நடந்துச்சு, எனக்குத்தான் ஒண்ணும் புரியல.

முன் வரிசை இடது மூலை பியர் கொஞ்சம் இறங்குனதும் கல்லுல முட்டி டக்குனு நின்னுச்சு, ஒரு பையன் கிரைண்டர எடுத்து மேல நீட்டிட்டிருந்த கம்பிய அறுத்துட்டான். "கல்லு மேல உக்காந்துருச்சு சார், இதுக்கு மேல என்ன ஸ்ட்ராங்கு வேணும்"னாரு மேஸ்திரி. நடு பியர் சுத்திக்கிட்டே இருந்துச்சு, ஆனா கீழ போகல, மண்ணுதான் சுத்தி எலி வளை மாதிரி மேல தள்ளிட்டு வந்துச்சு. பின் வரிசை வலது மூலைல மட்டம் ஒரு இஞ்ச் அதிகமா இறங்கிருச்சுன்னு மெஷின ரிவர்ஸ்ல சுத்தி மேல தூக்குனாங்க.

மொத குளிர்காலம் போச்சு. டெக் படிக்கட்டுல ஒரு சின்ன கேட் இருக்கு, அதோட கொண்டி ஒரு நாள் விழல. பாத்தா அரை இஞ்ச் விலகி நிக்குது. ஸ்பிரிட் லெவல் வெச்சுப் பாத்தேன், இடது மூலை மேல ஏறிருக்கு, நடு பியர் கீழ இறங்கிருக்கு. போன் பண்ணா "மரம் ஈரமா இருந்துச்சு சார், காயக் காய முறுக்கிக்கும், ரெண்டு சீசன்ல செட் ஆயிரும்"ங்கிறாரு. மரம் முறுக்குனா பியர் தலை தரைக்கு மேல ஏறுமாங்க?

அப்பத்தான் அந்த அறுத்த கம்பி ஞாபகம் வந்துச்சு. வீட்டுல அத எடுத்து கொடிப் பந்தலுக்கு முட்டுக் குடுத்து வெச்சிருந்தாங்க. உருவி டேப்பு வெச்சு அளந்தேன், 4 அடி 9 இஞ்ச். முழு கம்பி 7 அடி. மிச்சம் 2 அடி 3 இஞ்ச், அதுலயும் 4 இஞ்ச் தரைக்கு மேல தெரியுது. ஆக மண்ணுக்குள்ள ரெண்டு அடி கூட இல்ல, இங்க மண்ணு நாலடி ஆழம் வரைக்கும் உறையும்! உறையுற மண்ணு உப்பும்போது அதுக்குள்ள இருக்குற தட்டையும் சேத்துத்தான தூக்கும்.

டார்க் ரெக்கார்ட் குடுங்கன்னு கேட்டேன். முறுக்கு விசைதான் இதுல உயிர், மண்ணு எவ்வளவு இறுக்கமா புடிக்குதோ அவ்வளவு விசை தேவைப்படும், அத வெச்சுத்தான் பியர் எவ்வளவு பாரம் தாங்கும்னு கணக்குப் போடுறாங்க. ஒன்றரை இஞ்ச் சதுரக் கம்பிக்கு வழக்கமா அந்த டார்க்க பத்தால பெருக்குவாங்க. என் டெக்ல நடு பியர் 48 சதுர அடிய சுமக்குது, சதுர அடிக்கு 50 பவுண்ட்னு வெச்சா 2400, பாதுகாப்புக்கு ரெண்டு மடங்கு 4800, அப்ப கடைசில டார்க் காட்டுற கேஜ் குறைஞ்சது 480 அடி-பவுண்டாவது காட்டணும். பத்து நாள் இழுத்தடிச்சு ஒரு பேப்பர் அனுப்புனாரு பாருங்க, ஆறு பியருக்கும் ஒரே டார்க், ஆறுக்கும் ஆழம் 7 அடி. அறுத்த துண்டு என் கையில இருக்கு, அதுக்கும் 7 அடியாம்! போட்டோ எடுத்து அனுப்புனேன், அதோட போன் எடுக்குறத நிறுத்திட்டாரு.

வேற ஒரு இன்ஜினியர காசு குடுத்துக் கூட்டிட்டு வந்தேன். அவர் சொல்லித்தான் நெறைய தெரிஞ்சுது. தட்டோட புரி இடைவெளி பெரும்பாலும் 3 இஞ்ச், அப்ப ஒரு சுத்துக்கு கிட்டத்தட்ட 3 இஞ்ச் கீழ போகணும், போகாம நின்ன எடத்துலயே சுத்துனா மண்ண கடைஞ்சு விட்டுருச்சுன்னு அர்த்தம், அங்க வர்ற டார்க்க நம்பக்கூடாது. கல்லு தட்டுனா எடத்த கொஞ்சம் தள்ளி, பீம் தாங்குமான்னு பாத்துட்டு மறுபடி இறக்கணும், அறுக்கக்கூடாது. மட்டத்துக்காக ரிவர்ஸ் பண்ணவே கூடாது, தட்டுக்குக் கீழ மண்ணு லூஸாயிரும், கூட இறங்கிருச்சுன்னா மேல பிராக்கெட்லதான் சரி பண்ணணும். இதெல்லாம் அந்த மேஸ்திரிக்குத் தெரியாமயா இருக்கும்?

மேல இருக்குற பலகையக் கழட்டி, பீமுக்கு ஜாக்கி முட்டுக் குடுத்து, இடது மூலைய கழட்டி ஒரு அடி தள்ளிப் போட்டாச்சு. நடு பியருக்கு எக்ஸ்டென்ஷன் பூட்டி இறக்குனா 11 அடியிலதான் புடிச்சுது, மேல இருந்ததெல்லாம் வீடு கட்டுனப்ப கொட்டுன ரொப்பு மண்ணாம். இந்த தடவ கேஜ் பக்கத்துலயே நின்னு அடிக்கு அடி நானே நோட்டுல எழுதிக்கிட்டேன், புது ஆளும் மூஞ்சி சுளிக்கல.

பின் வரிசை வலது மூலைக்கு மட்டும் கையில காசு இல்ல. அந்த ரிவர்ஸ் பண்ணுன பியர்தான். போஸ்ட்ல பென்சிலால ஒரு கோடு போட்டு, நூல் கட்டி ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பாத்துட்டிருக்கேன். போன வாரம் வரைக்கும் கோடு நூலுலதான் நிக்குது.