பி-38 டின் ஓப்பனர்: படைவீரர்கள் திருப்பிக் கொடுக்காத கருவி

அமெரிக்க ராணுவம் 1942-ஆம் ஆண்டு சிகாகோவிலுள்ள தன் உணவு ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய பி-38 என்னும் டின் ஓப்பனர், இரண்டாம் உலகப் போரிலும் கொரியாவிலும் வியட்நாமிலும் அந்நாட்டுப் படைவீரர்களின் கையில் இருந்தது. 1980-களில் டப்பா உணவின் இடத்தை உறைகளில் அடைத்த உணவு பிடித்துக்கொண்டதும் ராணுவத்தில் அதன் தேவை குறைந்தது. ஆயினும் ராணுவ உபரிப் பொருள்களை விற்பவர்களிடம் இன்றும் கிடைக்கிறது. சமையலறையில் இதைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். கருவி என்ற அளவில் இது எப்படி வேலை செய்கிறது என்பதையும், போரில் சுமந்த எத்தனையோ பொருள்களை விட்டுவிட்டு வந்தவர்கள் இதை மட்டும் ஏன் சாவிக்கொத்தில் வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

நீளம் 38 மில்லிமீட்டர்தான். ஒரு தகடும், அதன்மேல் மடங்கிப் படியும் சிறு அலகும் தவிர இதில் வேறொன்றும் இல்லை. அலகை விரித்து, தகட்டின் ஓரத்தில் உள்ள வெட்டுப்பள்ளத்தை டப்பா விளிம்பின் அடியில் மாட்டி, மணிக்கட்டை ஒருமுறை திருகினால் முனை மூடியில் இறங்குகிறது. பிறகு கொஞ்சம் நகர்த்தித் திருகுவது, மீண்டும் நகர்த்தித் திருகுவது என்று விளிம்பைச் சுற்றி வர வேண்டும். ஒரே மூச்சில் அதிகம் வெட்ட முயன்றால் முனை வழுக்கும்; சிறிது சிறிதாக வெட்டுபவருக்கு இது மிக நேர்மையாக ஒத்துழைக்கிறது. மூடியை முழுவதும் வெட்டாமல் கடைசியில் சிறு பகுதியை விட்டுவைத்தால், அதைப் பின்னுக்கு வளைத்துக் கைப்பிடியாக்கிக்கொள்ளலாம். வியட்நாமில் வீரர்கள் டப்பாவைத் தீயில் காட்டியது இப்படிப் பிடித்துத்தான். அடுப்பும் இன்னொரு காலி டப்பாதான். அதன் பக்கவாட்டில் காற்றுக்கான துளைகளை இதே அலகால் குத்திக்கொண்டார்கள்.

இந்தக் கருவி சில கிராம் எடை கொண்டது. இது திறந்த உணவோ முதுகை ஒடிப்பது. சி-ரேஷன் என்று வழங்கப்பட்ட டப்பா உணவில் ஒரு வேளைக்குரியது ஏறத்தாழ 1.2 கிலோ. மூன்று நாள் காட்டுக்குள் நடப்பதென்றால் ஒன்பது வேளை, அதாவது பத்துக் கிலோவுக்கு மேல். எம்-60 இயந்திரத் துப்பாக்கியைச் சுமப்பவருக்கு அதுவே பத்துக் கிலோவைத் தாண்டும், பி.ஆர்.சி-25 என்ற தகவல்தொடர்பு வானொலியைச் சுமப்பவருக்கும் அப்படியே. தண்ணீர், தோட்டாக்கள், கையெறிகுண்டுகள், இரும்புத் தலைக்கவசம் எல்லாம் இவற்றுக்கு மேல். ஆகவே புறப்படும் முன் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டு, பிடித்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பலருக்கும் ஆகாத பன்றி இறைச்சியும் லைமா பீன்ஸும் ஒதுக்கப்பட்டன; பீச் பழ டப்பாவுக்கும் கேக்குக்கும் போட்டி இருந்தது. டப்பாக்கள் ஒன்றோடொன்று மோதி ஒலி எழுப்பாமல் இருக்க, அவற்றைக் காலுறைக்குள் திணித்து முதுகுப்பையில் கட்டினார்கள். எதைக் கழிக்கலாம் என்று இவ்வளவு கணக்குப் பார்த்த அந்த நேரத்தில் பி-38-ஐக் கழிக்க யாரும் நினைத்திருக்க முடியாது. பன்னிரண்டு வேளை உணவு கொண்ட ஒரு பெட்டிக்கு இது நான்குதான் வரும். அதனால் கிடைத்தவர் அதைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார்.

அந்தச் சங்கிலியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அதில் ஏற்கெனவே தொங்கியவை பெயர், எண், இரத்த வகை, மதம் ஆகியவை பொறித்த இரண்டு அடையாளத் தகடுகள். அந்தத் தகடுகளின் முதன்மையான வேலை, அணிந்திருப்பவர் இறந்தால் அவர் யாரென்று சொல்வது. தன் சாவுக்கான ஏற்பாட்டையும் அடுத்த வேளைச் சோற்றுக்கான ஏற்பாட்டையும் ஒரே சங்கிலியில் மாட்டிக்கொண்டு, இருபது வயதுகூட நிரம்பாத பலர் நடந்தார்கள். லைமா பீன்ஸைத் தூக்கி எறிவதுபோல அச்சத்தை எறிய வழியில்லை. அது டப்பாவுக்குள்ளும் புகுந்தது. கடலிலிருந்து தரையிறங்கிப் போரிடும் மரைன் படையின் கவச வாகனங்களில் ஏப்ரிகாட் பழ டப்பா அபசகுனமாகக் கருதப்பட்டது. இதை வேடிக்கையான மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கே கண்ணிவெடி இருக்கிறது என்பது தன் கையில் இல்லாதபோது, எந்தப் பழத்தை உண்ணக் கூடாது என்பதாவது தன் கையில் இருக்க வேண்டும் என்ற தவிப்பு அது. காலி டப்பாகூட அபாயமானதுதான். எதிர்த்தரப்பு அதில் கையெறிகுண்டைச் செருகிக் கண்ணியாக்கிவிடும் என்பதால், தின்று முடித்ததை நசுக்கிப் புதைக்க வேண்டியிருந்தது.

வியட்நாமில் ராணுவ வீரருக்குப் பணிக்காலம் ஓராண்டு, மரைன் வீரருக்குப் பதின்மூன்று மாதம். பெரும்பாலும் படைப்பிரிவோடு சேர்ந்து அல்லாமல், தன் முறை முடிந்ததும் தனியாகவே விமானம் ஏறினார்கள். துப்பாக்கி, வானொலி முதலியவற்றுக்குக் கணக்கு இருந்தது, திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பி-38-ஐ யாரும் திருப்பிக் கேட்கவில்லை; அந்த ஓராண்டின் நினைவுகளையும் யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. அவர்களில் பலரை வாட்டிய, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் நோய் (பி.டி.எஸ்.டி) அமெரிக்க மனநல மருத்துவத்தின் அதிகாரபூர்வமான நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது 1980-இல்தான். அதற்குள் கடைசிப் போர்ப்படை திரும்பி ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. 1982-இல் வாஷிங்டனில் வியட்நாம் நினைவுச்சுவர் எழுந்த பிறகு, கடிதங்களையும் காலணிகளையும் அடையாளத் தகடுகளையும் அதன் அடியில் மக்கள் வைத்துச் செல்லத் தொடங்கினார்கள். தேசியப் பூங்கா நிர்வாகம் எடுத்துப் பாதுகாக்கும் அந்தப் பொருள்கள் 4,00,000-ஐத் தாண்டிவிட்டன. இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்தால் எவ்வளவு இறக்கி வைப்பார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குறைகளுக்கு வருகிறேன். வெட்டிய மூடியின் ஓரம் ரம்பப்பல் போலக் கூராக நிற்கும்; விரலைக் காத்துக்கொள்ள வேண்டும். இடதுகைப் பழக்கமுள்ளவர்கள் முனையைத் தம் பக்கம் திருப்பிப் பிடித்து, எதிர்த்திசையில் வெட்ட வேண்டும். மடங்கும் இடத்தில் உணவுத் துணுக்கு தங்குவதால், பயன்படுத்தியவுடன் வெந்நீரில் முக்கி ஈரமின்றித் துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும். இப்போது விற்கப்படும் போலிகளில் தகடு மெல்லியது. அலகு தளர்ந்து தானாகவே விரிந்து, சட்டைப்பையைக் கிழிக்கிறது. வாங்கும்போது தயாரித்த நிறுவனத்தின் பெயர் தகட்டில் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அலகை விரிக்கையில் சற்று எதிர்ப்பு இருக்கிறதா என்றும் சோதியுங்கள். முன்னாள் வீரர் ஒருவர் வைத்திருந்த பி-38 உங்களிடம் வந்து சேர்ந்தால், பளபளப்பாக்கும் ஆசையில் அதைத் தேய்க்காதீர்கள். ஒரு துளி எண்ணெய் போதும்.

அன்றாடச் சமையலுக்கு மட்டும் தேடுபவர்கள் இதன் பெரிய வடிவமான பி-51-ஐ வாங்கலாம். 51 மில்லிமீட்டர் நீளம் இருப்பதால் திருகும்போது கட்டைவிரல் அவ்வளவு வலிக்காது. பெரிய டப்பாக்களுக்கும் அதுவே ஏற்றது.