மின்சாரத்தைத் திருப்பித் தரும் லோட்: காக்கி புக்கிட் பட்டறையில் சில வருடங்கள்

யூபிஎஸ், இன்வெர்ட்டர்களைப் பழுது பார்த்தபின் முழு லோடில் ஓட்டிப் பார்க்காமல் நாங்கள் அனுப்புவதில்லை. முன்பு இதற்கு ரெசிஸ்டர் லோட் பேங்க்தான், அதாவது இழுக்கும் மின்சாரத்தைச் சூடாக மாற்றிவிடும் பெட்டி. 10 கிலோவாட் யூபிஎஸ் என்றால் அந்த 10 கிலோவாட்டும் சூடாக அறைக்குள்ளேயே இறங்கும். சிங்கப்பூர் வெக்கையில் கேட்கவே வேண்டாம், ஏர்கான் திணறும்.

அதே வேலைக்கு இப்போதுள்ள கருவியை லோட் என்றுதான் சொல்வோம். யூபிஎஸ்ஸிடமிருந்து வாங்கிய மின்சாரத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தைக் கட்டட லைனுக்கே திருப்பித் தருகிறது. யூபிஎஸ் 10.5 கிலோவாட் இழுத்தால் 9 திரும்பி வரும். மீட்டரில் ஓடுவது ஒன்றரைதான். பில் குறைந்தது உண்மை. ஆனாலும் சட்டை நனையாமல் வேலை பார்ப்பதுதான் எனக்குப் பெரிய லாபம்!

அடுத்து, கிரெஸ்ட் ஃபேக்டர், அதாவது கரண்டின் உச்ச அளவு அதன் பயனுறு (ஆர்எம்எஸ்) அளவைப் போல் எத்தனை மடங்கு என்பது. பல கணினிகள் மின்னழுத்த அலையின் உச்சியில் மட்டும் கரண்டை வெடுக்கென்று இழுப்பவை. ரெசிஸ்டரால் அதைக் காட்ட முடியாது. பழைய யூபிஎஸ் ஒன்று ரெசிஸ்டரில் ஜம்மென்று ஓடியது. புது லோடில் கிரெஸ்ட் ஃபேக்டரை 3 என்று வைத்ததும், அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் மின்னழுத்த அலையின் தலை தட்டையாகிவிட்டது. கெப்பாசிட்டர்கள் சோர்ந்திருந்தன.

வாங்க நினைப்பவர்கள் டிபியைத்தான் (பிரேக்கர்கள் இருக்கும் மின் விநியோகப் பெட்டி) முதலில் பார்க்க வேண்டும். லைன் போனால் இந்த லோடும் உடனே நின்றுவிடும், பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பேட்டரி சோதனைக்கு மெயினை இறக்கினால் லோடும் சேர்ந்து போய், யூபிஎஸ் சும்மா ஓடும். அதனால் யூபிஎஸ் இன்புட்டுக்குத் தனி பிரேக்கர் வேண்டும். லோடுக்குள் இருக்கும் மின்இரைச்சல் ஃபில்டர் வழியாக எர்த்துக்குக் கசியும் கரண்டும் உண்டு. கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஈஎல்சிபியில் இரண்டு யூனிட் மாட்டினால் காரணமே தெரியாமல் தட்டும். சோலார் இன்வெர்ட்டர், பேட்டரி மாதிரி வெளியிலிருந்து சக்தி வரும் சோதனை என்றால், கட்டடம் செலவழிக்காத மிச்சம் கிரிட்டுக்கு, அதாவது வெளியிலுள்ள பொது மின் வலையமைப்புக்குப் போகும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஃபேன் சத்தம் காதைத் துளைக்கும். தூசி வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும். விலையைப் பற்றி முதலாளியிடம்தான் கேட்க வேண்டும்.

ரெசிஸ்டர் பேங்கை விற்கவில்லை. வாடிக்கையாளர் இடத்தில் ஜெனரேட்டர் சோதனை என்றால் இன்னும் அதைத்தான் லாரியில் ஏற்றுகிறோம். கட்டுமானத் தளத்தில் திருப்பி அனுப்ப லைன் எங்கே இருக்கிறது?