சிக்கிக்கொண்ட பின் வீல்: சுத்தியலா, எண்ணெயா, வெந்நீரா, புல்லரா?

கானாடுகாத்தானில் எங்கள் வீடு வருடத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். முன்னோருக்குச் செய்யும் படைப்பு, கல்யாணம் என்று ஏதாவது வந்தால் திறப்போம். போன முறை போனபோது, கார் ஷெட்டில் இரண்டரை வருடமாக நின்ற ஸ்கூட்டரை எடுத்தேன். ஷெட்டின் நாட்டு ஓடு ஒன்று நகர்ந்து, ஐப்பசி கார்த்திகை மழையெல்லாம் வண்டியின் பின்பக்கத்தில் இறங்கியிருந்தது. பின் டயர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மாற்றலாம் என்று சைலன்சரை இறக்கி நட்டையும் கழற்றினேன். வீல் அசையவில்லை.

தம்பி மகனும் நானும் இரண்டு நாள் மல்லுக்கட்டினோம். ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். கிட்டத்தட்ட எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். எது எதற்கு உதவும், எது வண்டியைக் கெடுக்கும் என்பது அதில் தெளிவாகிவிட்டது.

ஆக்டிவா, ஜூபிடர் மாதிரி நாம் கியர் மாற்ற வேண்டாத வண்டிகளில் பின் வீல் ஒரே ஒரு பெரிய நட்டில் நிற்கிறது. கியர் பாக்ஸிலிருந்து வரும் தண்டில் நீளவாக்கில் பல் வெட்டியிருக்கும். வீலின் நடுத் துளையிலும் அதே பல். இரண்டும் கோத்து உட்காரும். இந்தப் பல்லைத்தான் ஸ்பிளைன் என்கிறார்கள். இரும்பு துருவானால் முன்பு இருந்ததைவிட அதிக இடம் பிடிக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் உண்டு, அதைத் துரு அடைத்துவிட்டால் ஆப்பு இறக்கின மாதிரி. பழைய சேதக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அதில் டிரம் தனி. அதன்மேல் உள்ள நட்டுகளைக் கழற்றினால் வீல் தனியாக வந்துவிடும். துருப் பிடித்தாலும் டிரம்தான் நிற்கும்.

எந்த வழிக்குப் போகும் முன்பும் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பிரேக் அட்ஜஸ்டர் நட்டை முழுக்கத் தளர்த்திவிட்டு வீலைக் கையால் சுற்றுங்கள். சுற்றவே மறுத்தால் பிரேக் ஷூ டிரம்மில் ஒட்டியிருக்கிறது. தாராளமாகச் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால் ஸ்பிளைன்தான். எங்களுடையது இரண்டாவது.

சுத்தியலில்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள், நாங்களும் அப்படித்தான். டயரின் பின்பக்கத்திலிருந்து மரக்கட்டை வைத்து அடித்தோம். பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, “ஏன்ப்பா, இந்த அடி அடிக்கிறீகளே, உள்ளுக்குள்ள எதுவும் உடையாதா?” என்றார். அந்தக் கேள்விதான் எங்களை நிறுத்தியது. உடையும். ரிம்மின் ஓரத்தில் விழும் அடி நடுவில் இருக்கும் ஸ்பிளைனுக்குப் போய்ச் சேர்வதே இல்லை, வழியிலேயே டயரும் தகடும் வாங்கிக்கொள்கின்றன. தகடு வீல் கோணும், அலாய் வீல் விரிசல் விடும். தண்டின் நுனியில் நேராக அடித்தால் இன்னும் மோசம். மரை நசுங்கிவிடும், அந்த அதிர்ச்சி முழுவதையும் கியர் பாக்ஸ் பேரிங் தாங்க வேண்டியிருக்கும். எங்கள் குடும்பத்திலேயே வேறொரு வண்டிக்கு ஒரு கடையில் இப்படி அடித்துக் கழற்றிக் கொடுத்தார்கள். வீல் வந்தது. ஒரு மாதத்தில் கியர் பாக்ஸில் இரைச்சலும் வந்தது. ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுவது வேறு விஷயம், எண்ணெய் உள்ளே இறங்க அது உதவும். ஓங்கி அடிப்பதை நான் இனி செய்யமாட்டேன்.

அடுத்து எண்ணெய். டபிள்யூடி-40 எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. ஆனால் அது 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்யப்பட்ட திரவம். பெயரிலுள்ள டபிள்யூடி என்பதே ‘வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்’, ஈரத்தை விலக்குவது என்பதுதான். துருவை இளக்குவதற்கென்றே வரும் ஸ்ப்ரே கிடைத்தால் அதுதான் மேல். கிடைக்காத ஊரில் இதுவும் உதவும். ஆச்சி தேங்காய் எண்ணெய் கொடுத்தார். அது தடிமன், இந்த இடுக்கில் ஏறாது.

எண்ணெயில் இரண்டு சங்கதி. ஒன்று, நேரம். அடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் இழுத்துப் பார்ப்பது வீண். மாலையில் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை, விடிந்ததும் ஒரு முறை. இரண்டு, அளவு. ஸ்பிளைனுக்கு நேர் பின்னால்தான் பிரேக் ஷூ இருக்கிறது. தாராளமாகப் பீய்ச்சினால் எண்ணெய் லைனரில் இறங்கி, நாளைக்குப் பிரேக் பிடிக்காது. மெல்லிய குழாயை வைத்துத் தண்டைச் சுற்றி நாலு சொட்டு போதும். வண்டியை வலப்பக்கம் வானத்தைப் பார்க்கச் சாய்த்துக் கிடத்துகிற ஆட்களும் உண்டு. அதைச் செய்தால் எண்ணெய் நேராக ஷூவுக்குத்தான் போகும்.

சூடு எண்ணெய்க்கு நல்ல துணை. 20 மி.மீ. துளை 60 டிகிரி சூடேறினால் இரும்பில் சுமார் 0.014 மி.மீ. விரியும், அலுமினியத்தில் அதன் இருமடங்கு. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் துருவின் பிடியை உடைக்க இந்த அசைவு போதும். புளோ டார்ச் வேண்டவே வேண்டாம். பல ஸ்கூட்டர்களில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கடியில், பின் வீலுக்கு மேலேயே இருக்கிறது. பக்கத்திலேயே ரப்பர் ஆயில் சீலும் டயரும். ஒரு பெரிய குண்டான் கொதிநீரைத் துணி சுற்றிய ஹப்பின்மேல், அதாவது வீலின் நடுப்பகுதிமேல், நிதானமாக ஊற்றினாலே போதும், நூறு டிகிரியைத் தாண்டாது. தண்டு சூடாகும் முன் இழுக்க வேண்டும். அதனால் இழுக்கும் கருவி முதலிலேயே தயாராக இருக்கட்டும்.

நட்டைத் தளர்த்திவிட்டு ஓட்டு என்று பல மெக்கானிக்குகள் சொல்வார்கள். நட்டை முழுக்க எடுக்காமல் இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி, சைலன்சரை மறுபடி மாட்டி, நடை வேகத்தில் எட்டுப் போட்டு ஓட்டுவது. ஆளின் எடை ஒவ்வொரு சுற்றிலும் வீலைத் தண்டின்மேல் அப்படியும் இப்படியும் வளைக்கும். ஆக்சிலேட்டரை விட்டு விட்டுத் திருகினால் பல்லுக்குப் பல் அசையும். நட்டு இருப்பதால் வீல் கழன்று ஓடாது. நல்ல வழிதான். ஆனால் இதில் பலர் ஒரு தப்புச் செய்கிறார்கள்: வண்டியைத் தள்ளிக்கொண்டே பிரேக்கை வெட்டி வெட்டிப் பிடிப்பது. அதனால் ஸ்பிளைனுக்கு ஒன்றும் ஆகாது. டிரம் வீலோடு சேர்ந்தது, பிரேக் வீலை நேராகப் பிடிக்கிறது. இன்ஜின் இழுத்தால்தான் தண்டுக்கும் வீலுக்கும் இழுபறி வரும். எங்களுக்கு டயரே செத்துக் கிடந்ததால் ஓட்ட முடியவில்லை. சென்டர் ஸ்டாண்டில் போட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து நெடுநேரம் ஆட்டியதோடு சரி. டயர் நன்றாக இருந்திருந்தால் இந்த வழியைத்தான் முதலில் எடுத்திருப்பேன். காசு செலவே இல்லை.

கடைசியில் வேலையை முடித்தது மூன்று கால் புல்லர். பேரிங் இழுக்கப் பயன்படுத்துவது, சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. காரைக்குடியில் வாங்கி வந்தோம். இதன் அருமை என்னவென்றால், விசை அத்தனையும் தண்டின் நேர்கோட்டிலேயே போகிறது. சுத்தியலால் இது ஆகவே ஆகாது. கால்களை வீலின் ஜன்னல் வழியே விட்டு, நடு ஹப்புக்கு எவ்வளவு கிட்டத்தில் கொக்கி போட முடியுமோ அங்கே போட வேண்டும். ரிம் ஓரத்தில் போட்டால் தகடு வளைந்துவிடும். மரை கெடாமல் இருக்க, பழைய நட்டைத் தண்டின் நுனிக்குச் சமமாக வரும்வரை மாட்டிவிட்டு, அதன்மேல் புல்லரின் நடு ஸ்க்ரூவை உட்கார வைத்தோம்.

விறைப்பாகும்வரை முறுக்கினோம். அதற்கு மேல் பலம் காட்டவில்லை. ஆச்சி வீட்டு அடுப்படியிலிருந்து கொதிநீர் வந்தது. ஊற்றினோம். ஸ்க்ரூவின் தலையில் சின்னச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. டக் என்று ஒரு சத்தம், “பெரியப்பா, வந்துருச்சு!” என்று பையன் கத்தினான். பார்த்தால் வீல் நட்டு வரைதான் நகர்ந்திருந்தது. நட்டை எடுத்துவிட்டு மறுபடி இழுத்ததும் முழுசாகக் கையில் வந்தது.

வண்டியைக் காரைக்குடிக்கு ஏற்றிக்கொண்டு போய், காற்றழுத்தத்தில் நட்டைக் கழற்றும் ஏர் கன் வைத்திருக்கும் கடையில் விடுவதும் ஒரு வழி. நட்டே கழலாவிட்டால் அதுதான் சரி. வீல் சிக்கியதற்கு ஏர் கன் எந்த விதத்திலும் உதவாது. நல்ல கடைக்காரரும் புல்லரைத்தான் எடுப்பார்.

என் வரிசை இப்போது இதுதான். ஓட்டக்கூடிய டயர் இருந்தால் ராத்திரி எண்ணெய், காலையில் நட்டைத் தளர்த்தி ஓட்டம். டயர் போயிருந்தால் எண்ணெய், புல்லர், வெந்நீர் மூன்றும் சேர்த்து. இதைக் கொல்லையில் வைத்துச் செய்யுங்கள். முகப்பிலோ வளவிலோ (நடு முற்றத்தைச் சுற்றிய இடம்) ஆத்தங்குடித் தரைக்கல்மேல் வேண்டாம். அது சிமெண்ட் கல், எண்ணெய் இறங்கினால் கறை போகாது.

திரும்ப மாட்டும் முன் ஸ்பிளைனைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சூடு தாங்கும் கிரீஸ் மெல்லிசாகத் தடவினோம், டிரம் பக்கம் வழியாத அளவுக்கு. பிரேக் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தோம். நட்டு தானாகவே இறுகி நிற்கும் ரகம், அதனால் புதுசு போட்டோம். ஊருக்குக் கிளம்பும் முன் ஷெட்டில் நகர்ந்த ஓட்டைச் சரி செய்துவிட்டு, சாவியை ஆச்சியிடம் கொடுத்தேன். வாரம் ஒரு தடவை பேரனை விட்டு ஊருணி வரை ஓட்டச் சொல்கிறேன் என்றார்.