மரத்துப்போக ஊசியா, முழு மயக்கமா: வீட்டுக்கு அனுப்பும்போது என்ன வேறுபாடு?

சிறு அறுவை சிகிச்சை முடிந்தவர் எப்போது, யாருடன் வீடு திரும்பலாம் என்பதைப் பெரும்பாலும் மயக்க மருந்தே தீர்மானிக்கிறது.

அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்திருந்தால், ரத்தக்கசிவும் தலைசுற்றலும் இல்லையென்று உறுதிசெய்து சீக்கிரமே அனுப்பலாம். சிக்கல் வீட்டில்தான் தொடங்கும். மரக்கவைக்கும் மருந்துகளில் லிக்னோகெயின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். பூப்பிவகெயின் இன்னும் சில மணி நேரம் நிற்கும். மரப்பு விலகுமுன்பே முதல் வேளை வலி மாத்திரையைப் போடச் சொல்லுங்கள். வலி ஏறியபின் போட்டால், மருந்து வேலை செய்யும்வரை துடிக்க வேண்டியதுதான். உதட்டில் ஊசி போட்டவர் சூடாக எதுவும் குடிக்கக் கூடாது, சுட்டாலும் தெரியாது.

முழு மயக்கத்தில் கணக்கே வேறு. நாடி, ரத்த அழுத்தம், நடை, குமட்டல், வலி, ரத்தக்கசிவு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, 10-க்கு 9 வந்தால் அனுப்புவது பரவலான வழக்கம். அதன்பின் 24 மணி நேரம் வண்டி ஓட்டுவது, மது, பத்திரத்தில் கையெழுத்து எதுவும் ஆகாது. அறிவுரையைத் துணைக்கு வந்தவரிடமும் சொல்லி, எழுதியும் கொடுங்கள். கண் விழித்துத் தலையாட்டும் நோயாளிக்குப் பிறகு பாதி நினைவிருக்காது. துணையில்லாதவரை இரவு தங்கவைப்பதே சரி; கெஞ்சினாலும் தளர்த்தாதீர்கள்.

காயப் பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றே. ரத்தம் கசிந்தால் 10 நிமிடம் கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். எடுத்தெடுத்துப் பார்த்தால் உறைந்தது கலைந்துவிடும். அப்படியும் நிற்காவிட்டாலோ, பின்னாளில் சிவப்பு பரவினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ உடனே திரும்ப வேண்டும். தையல் பிரிப்பது முகத்தில் சுமார் 5 நாளில், கைகால்களில் 10 முதல் 14 நாளில். அந்தத் தேதியும் இரவிலும் எடுக்கப்படும் தொலைபேசி எண்ணும் சீட்டில் இல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள்.